பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பொதிகை வண்டி சங்கரன்கோவிலைத் தாண்டியதும் மேற்கே மலைத்தொடர் மெல்லத் தலைகாட்டத் தொடங்குகிறது. ஆனி, ஆடி மாதங்களில் அவ்வழியே பிரயாணம் செய்கிறவர்கள் பாக்கியசாலிகள். சிகரங்களில் மேகம் படிந்திருக்கிறது. ஜன்னல் வழியாகச் சாரல் காற்று முகத்தில் வந்து வீசுகிறது. குற்றாலத்துக்குப் போகிறவர்கள் தங்கள் எண்ணெய்ப் புட்டி பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்துக் கொள்கிறார்கள்.

நாமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். எதிரே ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். நல்ல மனுஷர். வீட்டிலிருந்து கொண்டு வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, முன்பின் அறியாத நமக்கும் இரண்டை எடுத்து வைத்து, "சாப்பிடுங்கள், ஸார்! மிளகாய்ப்பொடி தடவியது; கெட்டுப்போகாது" என்று உபசரித்தார். கடையநல்லூர் வந்தது. தொப்பி அணிந்த ஆண்களும் முக்காடிட்ட பெண்களும் குழந்தைகுட்டிகளுமாக ஒரு பெரிய குடும்பம் மூட்டை முடிச்சுகளுடன் நம் பெட்டியில் ஏறி, அடுத்த பகுதியில் போய் உட்கார்ந்தது. பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எல்லாம் இவர்களால் வந்த வினை, ஸார்!" என்றார்.

எது வந்த வினை? பேரனுக்கு வேலை கிடைக்காதது, வீட்டு மனை விலை ஏறியது, கொரோனாக் காலத்தில் தம் தங்கை இறந்துபோனது - எல்லாந்தான். அந்தக் குடும்பத்துக்கும் அவருடைய பேரனின் உத்தியோகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாயில் அவர் கொடுத்த இட்லி இருந்தது. தென்காசி வந்தது, இறங்கிவிட்டோம்.

நாம் பேசாமல் இருந்தது அருவியில் நின்றபோதும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலின் பயனாக எழுந்ததே இந்தக் கட்டுரை.

பூசணிக்காயும் வெள்ளாடும்

மனிதனுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. தன்னைப் பிடித்த தீங்கை வேறொன்றின்மேல் ஏற்றி, அதை வெளியே அனுப்பிவிட்டால் தான் தப்பிவிடலாம் என்று அவன் நம்புகிறான். நம் வீட்டுப் பாட்டிமார் திருஷ்டி கழித்து முச்சந்தியில் பூசணிக்காய் உடைப்பது இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். பழைய யூதர்கள் ஆண்டுக்கொரு நாள் ஒரு வெள்ளாட்டைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தலைமைக் குரு அதன் தலைமேல் இரு கைகளையும் வைத்து, ஜனங்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு, ஆட்டை வனாந்தரத்துக்கு விரட்டிவிடுவார். ஊர் பரிசுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக வீடு திரும்புவார்கள்.

பூசணிக்காய்க்கு வலி தெரியாது. ஆடு வாய் திறந்து பேசாது. ஆகையால் அதுவரையில் பெரிய மோசமில்லை. ஆனால் ஊரில் பஞ்சம் வரும்போதும், கொள்ளைநோய் வரும்போதும், போர் வரும்போதும் மனிதர்கள் ஆட்டைத் தேடுவதில்லை. பக்கத்துத் தெருவைத் தேடுகிறார்கள். எண்ணிக்கையில் சிறியவர்களாய், வழிபாட்டிலோ பாஷையிலோ வேறுபட்டவர்களாய், திருப்பி அடிக்கத் திராணியற்றவர்களாய் அங்கே யாராவது இருப்பார்கள். "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

ஐரோப்பாவில் 1348-ம் வருஷம் பெரும் பிளேக் பரவியது. அந்நோய்க்குக் காரணமான கிருமியை ஹாங்காங்கில் எர்ஸன் என்ற டாக்டர் கண்டுபிடித்தது 1894-ல்தான். இடையிலிருந்த ஐந்நூற்றுச் சொச்சம் வருஷம் காத்திருக்க ஜனங்களுக்குப் பொறுமை ஏது? யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. போப்பாண்டவரான ஆறாம் கிளெமெண்ட், "யூதர்களுந்தானே இந்த நோயில் மாண்டு போகிறார்கள்? யூதரே இல்லாத நாடுகளிலும் நோய் இருக்கிறதே?" என்ற கருத்துப்படப் பிரகடனம் வெளியிட்டார். கேட்டவர் இல்லை. 1349-ம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து யூதர்களில் நூற்றுக்கணக்கானோர் தீயிலிட்டுக் கொளுத்தப்பட்டார்கள். இதிலே கவனிக்கவேண்டிய விஷயங்கள் இரண்டு. அன்று பிளேக் அந்த நகரத்துக்குள் வந்திருக்கவே இல்லை. கொலைக்குப் பிறகே வந்தது. மற்றொன்று, யூதர்களிடம் வாங்கியிருந்த கடன்களெல்லாம் மறுநாள் முதல் ரத்தாகிவிட்டன!

பயத்துக்குப் பின்னால் லாபமும் ஒளிந்து நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

கண்டியில் மூண்ட நெருப்பு

ஸ்ட்ராஸ்பர்க் வெகு தூரம் என்று நேயர்கள் நினைக்கலாம். தமிழ்நாட்டுக் கரையோரத்து முஸ்லிம் வியாபாரிகள் தோணியேறிச் சென்று கடை வைத்த இலங்கை தூரமில்லை அல்லவா? அங்கே அவர்களைக் 'கரையோரச் சோனகர்' என்பார்கள். சிக்கனமாக வாழ்ந்து, கிராமங்கள் தோறும் சில்லறைக் கடை நடத்தி, கடனும் கொடுத்து வந்தவர்கள் அவர்கள்.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. கப்பல்கள் வருவது குறைந்தது. சாமான்களின் விலை ஏறியது. யுத்தத்தை நடத்தியவர்கள் லண்டனிலும் பெர்லினிலும் இருந்தார்கள். ஆனால், விலையைச் சொன்ன வாய் எதிர்க் கடைக்காரருடையது. ஏழைச் சிங்களவனின் கண்ணுக்குக் கைஸர் தெரியவில்லை; கடைக்காரர்தான் தெரிந்தார். போட்டிக் கடை வைத்திருந்தவர்களுக்கு இது அனுகூலமாயிற்று. பள்ளிவாசலைக் கடந்து மேளதாளத்துடன் ஊர்வலம் போகலாமா என்று கம்பளையில் எழுந்த பழைய வழக்கொன்றும் எரிகிற நெருப்புக்கு எண்ணெயாயிற்று.

1915-ம் வருஷம் மே 28-ந் தேதி, வெசாக் திருநாள் இரவில், கண்டி நகரத்துப் பள்ளிவாசல் ஒன்றின் அருகே கலகம் தொடங்கியது. சில நாட்களில் கொழும்பு வரையிலும் தென்கரை வரையிலும் பரவியது. 4,000-க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டன, உயிர்கள் மாண்டன. ஜூன் 2-ந் தேதி ராணுவச் சட்டம் அமுலுக்கு வந்தது.

அடுத்து நடந்ததே விசித்திரம். பிரிட்டிஷ் சர்க்காருக்கும் ஒரு பயம் இருந்தது. இக்கலகம் ஜெர்மானியர் தூண்டிய ராஜத்துரோகமாக இருக்குமோ என்று. உடனே அதுவும் தனக்கு ஓர் ஆட்டைத் தேடியது! மதுவிலக்குப் பிரசாரம் செய்துவந்த சிங்களத் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் சுதந்திர இலங்கையின் முதல் பிரதம மந்திரியான டி. எஸ். சேனாநாயகாவும் அவர்களில் ஒருவர். ஹென்றி பேத்ரிஸ் என்னும் இளம் அதிகாரி ராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி ஜூலை 7-ந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

அச்சமயம் சிங்களவர்களுக்காக வாதாடியவர் யார்? ஒரு தமிழர். ஸர் பொன்னம்பலம் ராமநாதன் சட்டசபையில் முழங்கினார். யுத்த அபாயத்தையும் பொருட்படுத்தாமல் லண்டனுக்குச் சென்று முறையிட்டார். அவர் திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்கள மக்களே அவருடைய வண்டியை இழுத்துச் சென்றார்கள் என்பது பிரசித்தமான சம்பவம். அந்தப் பெருமையில் ஒரு குறையும் உண்டு. கடையையும் உறவினரையும் பறிகொடுத்த முஸ்லிம்களின் துயரத்துக்கு அவர் போதிய இடம் கொடுக்கவில்லை என்று அச்சமூகத்தார் அன்று வருந்தினார்கள்; நெடுங்காலம் வருந்தினார்கள்.

ஆடு மாறும், கத்தி மாறாது

வண்டியிழுத்தவர்களின் பேரன்மார் காலத்தில் என்ன நடந்தது? 1958-ல் அதே தீவில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 1983-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி, யாழ்ப்பாணத்தின் அருகே, நம் ஜில்லாவின் பெயரையே கொண்ட திருநெல்வேலி என்னும் இடத்தில், பதின்மூன்று ராணுவத்தினர் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அதைச் செய்தவர்கள் ஒரு சிலர். மறுநாள் முதல் கொழும்பில் அதற்கு விலை கொடுத்தவர்களோ, குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் பள்ளி ஆசிரியைகளும். வாக்காளர் ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வீடு தமிழர் வீடு என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். அந்நாளைய துயரத்தை எண்ணித் தமிழ்நாடே கண்ணீர் வடித்தது. வடித்தது நியாயமே.

ஆனால் 1990-ம் வருஷம் அக்டோபர் மாதத்தை நினைக்கும்போது நம்மில் எத்தனை பேர் கண்ணீர் வடிக்கிறோம்? அந்த மாதம் 30-ந் தேதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறவேண்டும் என்று புலிகள் உத்தரவிட்டார்கள். அவர்கள் பேசிய பாஷை தமிழ். படித்த பாடம் தமிழ். ஆயினும் "காட்டிக் கொடுப்பவர்கள்" என்ற சந்தேகம் ஒரு சமூகம் முழுவதன்மேலும் சுமத்தப்பட்டது. அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நகை, பணம், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தார்கள். ஏழு வருஷங்களுக்கு முன்னால் பலியாடாக நின்றவர்களின் பெயரால் இந்தக் காரியம் நடைபெற்றது.

இதை எழுதும்போது நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் விடக்கூடாது. துன்பப்பட்டவர்களுக்குத் துன்பத்தின் அருமை தெரியும் என்பது நாம் ஆசையாகச் சொல்லிக்கொள்ளும் வார்த்தை. சரித்திரம் அதற்கு உத்தரவாதம் கொடுப்பதில்லை. 1915-ல் முஸ்லிம், பிறகு சர்க்கார் கையில் சிங்களவர், 1983-ல் தமிழர், 1990-ல் தமிழர் கையில் முஸ்லிம். ஆடு மாறிக்கொண்டே வருகிறது. கத்தி மட்டும் அதே கத்தி.

நம் வாசலிலே

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2020-ம் வருஷம் மார்ச் மாதத்தில் டில்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாஅத்தின் மாநாடு ஒன்று நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சென்றிருந்தார்கள். போனவர்கள் சிலருக்குக் கொரோனாத் தொற்று ஏற்பட்டது. அவர்கள் மூலம் மற்றவர்களுக்கும் பரவியது. இது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உண்மை ஒரு முழம் என்றால், கைப்பேசியில் வந்த பொய் ஒன்பது முழம். வேண்டுமென்றே பரப்புகிறார்கள் என்றும், பழத்தில் எச்சில் தடவி விற்கிறார்கள் என்றும் செய்திகள் பறந்தன. தள்ளுவண்டிக்காரரிடம் பெயரைக் கேட்டுவிட்டுக் காய்கறி வாங்கிய புண்ணியவான்களும் தேசத்தில் தோன்றினார்கள்.

ஒரு மாதம் சென்றது. சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து அதே நோய் ஆயிரக்கணக்கானோருக்குப் பரவிப் பல ஜில்லாக்களுக்குச் சென்றது. அப்போது யாரேனும் கத்தரிக்காய் வியாபாரிகளின் மதம் என்ன, ஜாதி என்ன என்று கேட்டதுண்டா? இல்லை. "நெருக்கமான இடம், நோய் பரவிவிட்டது" என்று அறிவுடன் பேசினோம். நெருக்கத்தில் பரவும் என்ற அந்த அறிவு, மார்ச் மாதத்திலும் நம்மிடம் இருந்ததுதான். அதை உபயோகிக்க மனம் வரவில்லை, அவ்வளவே.

அதே வருஷம் ஆகஸ்டு 21-ந் தேதி, பம்பாய் ஹைகோர்ட்டின் ஔரங்காபாத் கிளை, மாநாட்டுக்கு வந்திருந்த 29 வெளிநாட்டார் மீது போட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. கொள்ளைநோயோ வேறு ஆபத்தோ வரும்போது பலியாட்டைத் தேடுவது நடப்பதுதான். இவர்கள் அவ்வாறு பலியாடாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்று தோன்றுகிறது என நீதிபதிகள் எழுதினார்கள். பொய் மார்ச்சில் புறப்பட்டது. தீர்ப்பு ஆகஸ்டில் வந்தது. பொய்யைக் கேட்டவர்களில் எத்தனை பேர் தீர்ப்பைக் கேட்டார்கள்?

இலங்கையிலோ, அதே நோயைக் காரணமாகச் சொல்லி முஸ்லிம் குடும்பங்களின் பிரேதங்களையும் கட்டாயமாக எரிக்கச் செய்தார்கள். புதைப்பதால் கேடில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் 2021 பிப்ரவரி வரையில் உத்தரவு மாறவில்லை. 2024 ஜூலையில் அந்நாட்டு மந்திரிசபை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வந்தது, சாம்பல் சாம்பல்தான்.

கடையநல்லூர் வட்டாரத்திலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. இதே மலையடிவாரத்தில் மீனாட்சிபுரம் என்னும் சிற்றூரில் 1981-ம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி ஹரிஜன மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். தேசமெங்கும் ஒரே கூக்குரல்: "அரபு நாட்டுப் பணம் வந்துவிட்டது! யார் மயக்கினார்கள்?" விசாரிக்கப் போனவர்களிடம் அவ்வூர் மக்கள் வேறொரு விடை சொன்னார்கள். பிறந்த நாள் முதல் தாங்கள் பட்ட அவமதிப்பையும் தீண்டாமையையும் எடுத்துரைத்தார்கள். "ஏன் போனார்கள்?" என்று கேட்டால் பதில் நம் வீட்டுக்குள் இருக்கிறது. "யார் அழைத்தார்கள்?" என்று கேட்டால் பதிலை வெளியே தேடலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

பிறவிக் குணமா?

இது மனித சுபாவம். மாற்ற முடியாது என்று சொல்கிறவர்கள் உண்டு. சுபாவம் என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஹென்ரி தாஜ்ஃபெல் என்ற அறிஞர், இட்லரின் ஆட்களிடம் தம் குடும்பத்தைப் பறிகொடுத்த யூதர். 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிச் சிறுவர்களைக் கொண்டு அவர் ஒரு பரீட்சை செய்தார். இரண்டு ஓவியர்களில் உனக்கு யாரைப் பிடிக்கிறது என்ற அற்ப விஷயத்தைச் சொல்லி இரு கட்சியாகப் பிரித்தார். பிறகு, மற்றப் பையன்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னார். ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள், தங்கள் கட்சிக்கே அதிகம் கொடுத்தார்கள். அதுமட்டுமல்ல, தங்கள் கட்சிக்குக் கிடைப்பது சற்றுக் குறைந்தாலும் சரி, எதிர்க்கட்சிக்கு அதைவிடக் குறையவேண்டும் என்று பங்கிட்டார்கள்!

ஆகவே, 'நாம்', 'அவர்கள்' என்று பிரிவது சுபாவமே. பசியும் சுபாவந்தான், அதற்காகத் திருடலாம் என்று யாரும் சொல்வதில்லை. பிரிவு தானாக உண்டாகலாம். வாக்காளர் ஜாபிதாவைக் கையில் எடுத்துக் கொடுப்பது சுபாவமல்ல. அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு லாபம் வேண்டும். அவன் பேச்சைக் கேட்டுச் சும்மா இருக்க நம்மைப்போன்ற நல்லவர்களும் வேண்டும்.

ஒரு தெருவின் பெயர்

குற்றாலத்திலிருந்து திரும்பும்போது கடையநல்லூரில் இறங்கினோம். சுமார் 90,000 ஜனங்கள் வாழும் ஊர். கோவில் மணியும் பாங்கு ஓசையும் ஒரே காற்றில் வருகின்றன. பழைய தறிகளில் கைலி நெய்து பிழைத்த முஸ்லிம் குடும்பங்கள் இங்கே ஏராளம். நெசவு நசித்து, மழையும் பொய்த்த காலங்களில், இவர்களில் பலர் குடும்பத்தோடு கப்பலேறிச் சிங்கப்பூர் சென்றார்கள். அங்கே துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். பாஷையும் உடையும் உணவும் வேறான அந்நிய பூமியில் அவர்களும் ஒரு சிறு கூட்டந்தான். பழி சுமத்துவதற்கு மிகவும் சௌகரியமான கூட்டம்!

ஆனால் அங்கே அவர்கள் என்ன செய்தார்கள்? 1941-ல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை அமைத்தார்கள். யுத்தம் முடிந்த மறு வருஷமே, 1946-ல், ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 1960-ல் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று. தமிழிலேயே மேற்படிப்புப் படிக்க விரும்பிய சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு அது புகலிடமாக விளங்கியது. 1982-ல் பள்ளி மூடப்பட்டது. ஆயினும் அடுத்த வருஷம் அந்நாட்டுச் சர்க்கார் நிறுவிய தமிழ்மொழி நிலையம் உமறுப் புலவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சிங்கப்பூரில் இன்றும் 'கடையநல்லூர் தெரு' என்று ஒரு தெரு இருக்கிறது.

அந்நிய நாட்டார் தங்கள் தெருவுக்கு இவ்வூரின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாமோ இவ்வூர் ஸ்டேஷனில் ஏறிய ஒரு குடும்பத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறோம்!

வதந்தி என்பது சந்தையில் பிறந்தாலும் வளர்வது வீட்டில்தான். சாப்பாட்டு வேளையில் தகப்பனார் அலட்சியமாகச் சொல்லும் ஒரு வார்த்தையைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுக் குழந்தை உண்மையென்று எழுதி வைத்துக்கொள்கிறது. ஆகையால் நேயர்களிடம் நாம் வேண்டுவது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. "அவர்களால்தான்" என்று யாராவது தொடங்கும்போது மூன்று கேள்விகள் கேட்டால் போதும். அவர்கள் என்றால் யார், பெயர் சொல்ல முடியுமா? அவர்களும் இதே துன்பத்தைப் படவில்லையா? இப்படிச் சொல்வதால் லாபம் யாருக்கு? 1348-ல் போப்பாண்டவர் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். அன்று யாரும் செவிசாய்க்கவில்லை என்பதற்காகக் கேள்வி தப்பாகிவிடாது.

அந்தப் பெரியவரை மறுபடியும் அதே வண்டியில் சந்திப்போமோ, என்னவோ? சந்தித்தால் அவர் கொடுக்கும் இட்லியைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். அவர் கெட்டவரல்ல, தங்கையை இழந்த துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறவர். அந்தத் துக்கத்தை முதலில் விசாரிப்போம். பிறகு, "ஐயா, அடுத்த பகுதியில் இருக்கிறார்களே, அவர்கள் வீட்டிலும் அந்த வருஷம் யாராவது இறந்திருப்பார்களோ? வாருங்கள், கேட்டுப் பார்க்கலாம்" என்று அழைப்போம்.

இந்தத் தடவை வாயில் இட்லி இருந்தாலும், அதை விழுங்கிவிட்டாவது பேசுவோம்.